வினாக்களின் பேரேடு

கல்விக்குத் தொடக்கமாவது வினா. அறியாததை அறிய விரும்பும் உள்ளத்தில் முதற்கண் எழுவது ஐயம். அவ்வையம் சொல்வடிவம் பெறும்போது வினாவாகின்றது. தமிழ் இலக்கண நூலார் வினாவைத் தனியே எடுத்து ஆராய்ந்துள்ளனர். நன்னூல் அதனை அறுவகையாகப் பகுத்துக் கூறும். தான் அறிந்த பொருளையே ஆசிரியர் மாணவனிடம் கேட்பதும் அவ்வாறனுள் அடங்கும். கடையில் நின்று பருப்பு உண்டோ எனக் கேட்பதும் அடங்கும். ஆயினும், கேட்பவன் உள்ளத்தைத் திறந்து காட்டுவன அறியாவினாவும் ஐயவினாவுமே ஆகும். முன்னதில் ஒருவன் தன் அறியாமையைப் பிறர்முன் வைக்கின்றான். பின்னதில் தன் மனம் இருபாற்பட்டுத் தடுமாறுவதைப் புலப்படுத்துகின்றான்.

இத்தகைய வினாக்களை எவரும் எல்லாரிடத்தும் கேட்பதில்லை, ஆளறிந்தே கேட்பர். உடற்பிணி பற்றிய அச்சத்தை மருத்துவரிடம் உரைப்பர். கடன் வழக்கை வழக்கறிஞரிடம் கூறுவர். வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூசுவதை உற்ற தோழனிடம் ஒதுக்கிடத்தில் கேட்பர். கேட்கப்பட்டவர் விடை கூறுவார். சில நாளில் அதனை மறந்தும் போவார். அம்மறதியை எவரும் குறையாகக் கருதியதில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன் கேட்ட பேதைமை நிறைந்த வினாவை ஆசிரியர் ஏட்டில் குறித்து வைத்திருந்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து அவன் திருமண வீட்டில் பலர்முன் படித்துக் காட்டுவாராயின், அவரிடம் பின்னர் எந்த மாணவன் வாய் திறப்பான்?

இக்காலத்தில் வினாக்களில் பெரும்பகுதி மனிதர் செவியை அடைவதே இல்லை. கையில் உள்ள திறன்பேசியில் ஒரு சிறு கட்டம் தோன்றுகின்றது. அதனுள் சொற்களை இட்டால் கண்ணிமைப் பொழுதில் விடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. இதனைச் செய்வது தேடுபொறி. ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் 1998 ஆம் ஆண்டில் தொடங்கிய கூகுள், இன்று உலகிற் பெரிதும் வழங்கும் தேடுபொறியாகும். பெரிய நூலகம் இல்லாத சிற்றூர்ப் பிள்ளைக்கும் அது உலகின் நூல்களைத் திறந்து காட்டுகின்றது. இந்நன்மையை மறுப்பவர் எவருமிலர். அது முகம் சுளிப்பதில்லை, 'இதுகூடத் தெரியாதா?' என்று ஏளனம் செய்வதில்லை. ஆதலால், தாயிடமும் கூறாதவற்றை மக்கள் அதனிடம் கூறுகின்றனர்.

ஆனால், அது மறப்பதில்லை. இட்ட சொற்கள் யாவை, இட்ட நாள் எது, மணி எத்தனை, வந்த விடைகளுள் எதனைத் தொட்டுத் திறந்தனர் என்பனவெல்லாம் அதன் பேரேட்டிற் பதிவாகின்றன. வினா எந்த இணைப்பிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் ஐ.பி. முகவரி என்னும் எண்ணும் உடன் எழுதப்படுகின்றது. அன்றியும், குக்கி எனப்படும் சிறு குறியீடு ஒன்றைக் கணினியிலேயே விட்டுவைத்து, நேற்று வினவியவரும் இன்று வினவுபவரும் ஒருவரே என்று அது கண்டுகொள்கின்றது. பெயர் பதிந்து உள்நுழைந்து வினவுவோரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்தம் வினாக்கள் அவர்கள் பெயரின்கீழேயே அடுக்கப்படும்.

இப்பதிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பலர் செய்யும் எழுத்துப் பிழைகளைக் கண்டே அப்பொறி சரியான சொல்லை எடுத்துக் காட்டக் கற்றுக்கொள்கின்றது. எந்த விடையைப் பலர் நாடினர் என்று கண்டு விடைகளின் வரிசையைத் திருத்துகின்றது. பொய்க் கணக்குகளால் வஞ்சகம் செய்வோரைப் பிடிக்கவும் பழைய குறிப்புகள் உதவுகின்றன. எனினும், முதன்மையான காரணம் விளம்பரமே. கூகுள் நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு விளம்பரத்தால் வருவது. இன்னது தேடுபவனுக்கு இன்ன பொருளை விற்கலாம் என்பதை அறிந்த வணிகன், பறையறைந்து ஊரெல்லாம் திரிய வேண்டுவதில்லை. கட்டணமின்றி விடை கிடைக்கின்றது என்று மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. வழியிடைத் தண்ணீர்ப்பந்தல் வைத்த பழங்காலத்து அறவோர், நீர் பருகியவர் பெயரையும் அவர் செல்லும் ஊரையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை.

இப்பேரேடு வெளிப்பட்டால் விளைவது யாது என்பதை அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்று தெளிவாக்கும். 2006 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஏ.ஓ.எல். என்னும் நிறுவனம், தன் தேடுபொறியில் மக்கள் இட்ட ஏறத்தாழ 2 கோடி வினாக்களை ஆராய்ச்சியாளர் நலங்கருதி இணையத்தில் வெளியிட்டது. அவை அவ்வாண்டு மார்ச்சு முதல் மே வரை மூன்று திங்களில் 6,50,000 பேருக்கு மேற்பட்டோர் கேட்டவை. எவர் பெயரையும் அந்நிறுவனம் வெளியிடவில்லை. ஒவ்வொருவர்க்கும் பெயருக்கு மாற்றாக ஓர் எண்ணை இட்டிருந்தது. எண்ணின் பின்னே ஆள் மறைந்துகொள்வான் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் சில நாளும் நிலைக்கவில்லை.

நியூயார்க்கு டைம்ஸ் செய்தித்தாளினர் அக்குவியலிலிருந்து ஓர் எண்ணுக்குரிய வினாக்களை மட்டும் பிரித்தெடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தனர். அவற்றுள் ஓர் ஊரின் பெயர் வந்தது. அவ்வூரில் தோட்டம் சீர்செய்வோர் யாவர் என்ற வினா வந்தது. ஒரே குடும்பப்பெயர் கொண்ட பலரைப் பற்றிய வினாக்கள் வந்தன. இவற்றைத் துணைக்கொண்டு அவர்கள் சென்று கதவைத் தட்டினர். கதவைத் திறந்தவர் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டியார். தம் வினாக்களைத் தமக்கே படித்துக் காட்டக் கேட்ட அவர் திடுக்கிட்டார். அவை தம்முடையனவே என்று ஒப்புக்கொண்டார்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அம்மூதாட்டியாரின் வினாக்களில் நோய்கள் பலவற்றின் பெயர்கள் இருந்தன. வெறும் ஏட்டைக் கண்டவர், இவர் பல பிணிகளால் நலிந்தவர் போலும் என்றே முடிவு கட்டுவர். உண்மை அதுவன்று. நண்பர்கள் நோயுற்றபோது அவர்களுக்கு உதவும்பொருட்டு அவர் அந்நோய்களைப் பற்றித் தேடியிருந்தார். பிறர் துன்பத்துக்கு இரங்கிய செயல், ஏட்டில் அவருடைய சொந்த நோயாக நின்றது. வினா வாக்குமூலம் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஒருவன் நஞ்சைப் பற்றித் தேடுவது நாடகம் எழுதுவதற்காக இருக்கலாம். வயலில் தெளிக்கும் மருந்துக்கு அஞ்சியும் இருக்கலாம். விவாகவிலக்குச் சட்டத்தைத் தேடியவள் தன் தமக்கைக்காகத் தேடியிருக்கலாம். சொல் மட்டும் ஏட்டில் நிற்கும். சொல்லின் பின்நின்ற கருத்து நில்லாது.

ஏ.ஓ.எல். நிறுவனம் தன் செயலுக்கு வருந்தி அவ்வேட்டை விரைவில் நீக்கியது. தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் பதவி விலகினார். பணியாளர் இருவர் நீக்கப்பட்டனர். ஆயின், அதற்குள் பலர் படியெடுத்துவிட்டனர். சிதறிய நெல்லை அள்ளிவிடலாம். படியெடுத்துப் பரவிய செய்தியை அள்ளுவது எவ்வாறு?

அதே ஆண்டின் தொடக்கத்தில் மற்றொரு வழக்கு நடைபெற்றது. இணையத்தில் சிறுவர்க்குத் தீங்கான படங்களைத் தடுக்கும் பொருட்டு 1998 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தை அமெரிக்க அரசு நீதிமன்றத்தில் காக்க முயன்றது. அதற்குச் சான்று தேடும் வகையில், மக்கள் இட்ட வினாக்களைத் தருமாறு தேடுபொறி நிறுவனங்களுக்கு ஆணை அனுப்பியது. பிற நிறுவனங்கள் ஓரளவு இணங்கின, கூகுள் மறுத்தது. 2006 மார்ச்சில் கலிபோர்னியாவில் கூட்டாட்சி நீதிபதி ஜேம்ஸ் வேர் தீர்ப்பளித்தார். இணையப் பக்கங்களின் முகவரிகளில் 50,000ஐ அரசுக்குத் தரலாம். மக்கள் இட்ட வினாக்களைத் தர வேண்டுவதில்லை என்பது அத்தீர்ப்பு. கூகுள் மறுத்ததற்குத் தன் தொழில் மறையைக் காக்கும் நோக்கமும் ஒரு காரணம். முழுதும் அறநெஞ்சால் எழுந்த மறுப்பென்று போற்றிவிட இயலாது. ஆயினும் மக்களுக்கு அதனால் நன்மையே விளைந்தது.

'குற்றமற்றவன் ஏன் அஞ்ச வேண்டும்? மறைப்பதற்கு ஒன்று உடையவன்தானே மறைவை நாடுவான்?' என்று வினவுவாரும் உளர். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. செனகல் நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தினர் ஐவர் மாண்டனர். அவருள் குழந்தைகளும் இருந்தனர். பல நாள் துப்புக் கிடைக்கவில்லை. அவ்வீட்டு முகவரியைத் தீ நிகழ்ச்சிக்கு முன்னர்த் தேடியவர் யாவர் என்று காவலர் நீதிமன்ற ஆணை பெற்றுக் கூகுளிடம் வினவினர். அவ்வழியே இளைஞர் மூவர் பிடிபட்டனர். 2023 அக்டோபரில் கொலராடோ மாநில உச்சநீதிமன்றம் அச்சான்றை ஏற்றது. ஐந்து உயிர்களுக்கு நீதி தேடித் தந்தது அப்பேரேடே என்பதை மறுக்க முடியாது.

எனினும், அத்தீர்ப்பை முழுவதும் நோக்குதல் வேண்டும். காவலர் நன்னம்பிக்கையுடன் நடந்தனர் என்ற காரணத்தாலேயே சான்று ஏற்கப்பட்டது. தேடல் வரலாறு அம்மாநில அரசியலமைப்பின் காப்புக்கு உரியது என்றும் அம்மன்றமே கூறியது. மாறுபட்ட தீர்ப்பும் உடன் எழுதப்பட்டது. குற்றவாளி இவன் என்று ஐயுற்று அவனை ஆராய்வது ஒன்று. ஒரு சொல்லைக் கொடுத்து, அதனைத் தேடிய அனைவரையும் கொணர்க என்று கேட்பது மற்றொன்று. பின்னதில், எவர் மீதும் ஐயம் இல்லாத நிலையில் எல்லார் வினாக்களும் சல்லடையில் இடப்படுகின்றன. டென்வரில் அது கொலைக் குற்றத்துக்கு ஆயிற்று. அதே கருவியைப் பிறிதோர் அரசு, தன்னைக் குறைகூறும் நூலைத் தேடியவர் யாவர் என்று அறியவும் எடுத்தாளலாம். அருகில் காவலர் கேட்கும்போது தருவதற்கென்றே ஒரு நாட்டு மக்கள் அனைவரின் ஐயங்களையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்தல், நோய் ஒருவனுக்கிருக்க ஊரார் அனைவர்க்கும் கசப்பு மருந்து புகட்டுவது போன்றது.

மறைப்பவன் தீயவன் என்னும் எண்ணமும் பிழையுடையது. கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுபவர் எல்லாரும் சதிகாரர் அல்லர். பிறர் காண்கின்றார் என்ற உணர்ச்சி வந்தவுடன் மனிதன் நடையே மாறிவிடுகின்றது. 2013 ஜூனில், அமெரிக்க உளவுத்துறை இணையச் செய்திகளைப் பெருமளவில் திரட்டி வந்ததை எட்வர்டு ஸ்நோடன் வெளிப்படுத்தினார். அதன்பின், ஆங்கில விக்கிப்பீடியாவில் பயங்கரவாதம் தொடர்பான கட்டுரைகளைப் படிப்போர் தொகை தெளிவாகக் குறைந்தது என்பதை 2016 இல் ஜொனாதன் பென்னி என்னும் ஆராய்ச்சியாளர் காட்டினார். அக்கட்டுரைகளைப் படிப்பது குற்றமன்று. எவரும் தடுக்கவும் இல்லை. செய்தித்தாள் படிப்பவர்க்கும் வரலாறு பயில்பவர்க்கும் வேண்டிய பொருளே அது. ஆயினும் மக்கள் தாமே கையைப் பின்னிழுத்துக்கொண்டனர்.

இளைஞர்க்கு இத்தடை இன்னும் பெரிது. வளரும் பருவத்தில் உடலிலும் மனத்திலும் தோன்றும் மாற்றங்கள் பற்றி ஆயிரம் ஐயங்கள் எழும். தந்தை குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டுப் படுத்திருக்கின்றார். அவர் பிழைப்பாரா என்று மகன் இரவில் தனித்திருந்து தேடுகின்றான் எனக் கொள்வோம். மறுநாள் குடி மறக்கச் செய்யும் மருந்தின் விளம்பரம் அத்திரையில் தோன்றுகின்றது. நம் நாட்டில் வீட்டுக்கு ஒரே திறன்பேசி என்பது அரிய காட்சியன்று. அக்காள் கேட்டதன் எச்சம் தம்பி கையிலும், தம்பி கேட்டதன் எச்சம் தந்தை கையிலும் தோன்றும். முதலெழுத்தை இட்டவுடனே பழைய வினா தானாக முன்வந்து நிற்கும். இதனைக் கண்ட பிள்ளை அடுத்த முறை கேளாமலே இருந்துவிடும். கேளாத வினாவுக்கு விடை எங்கிருந்து வரும்?

வினாவையும் படிப்பையும் மறைவாகக் காக்க வேண்டும் என்ற கொள்கை புதிதன்று. நூலகத்துறையினர் அதனை முன்னரே உணர்ந்திருந்தனர். அமெரிக்க நூலகச் சங்கம் 1939 இல் வகுத்த ஒழுக்க நெறியில், படிக்க வருவோரைப் பற்றி அறிந்த செய்திகளை வெளியிடாமல் காப்பது நூலகரின் கடமை என்று விதித்தது. இந்திய நூலகங்கள் பலவற்றிலும் நெடுங்காலம் வழங்கிய சீட்டு முறையை எண்ணுக. நூலைப் பெறும்போது, நூலுக்குரிய அட்டை, உறுப்பினரின் பை வடிவான சீட்டில் செருகப்பட்டுத் தட்டில் வைக்கப்படும். நூல் திரும்பி வந்ததும் அட்டை நூலுக்குள் செல்லும். சீட்டு உறுப்பினர் கைக்குச் செல்லும். இன்னார் இன்ன நூலைப் படித்தார் என்பதற்கு அதன்பின் எழுத்துச் சான்று எதுவும் இராது. நூல் வெளியில் இருக்கும் வரை நினைவு வேண்டும்; வந்தபின் வேண்டா. யார் எந்த நூலை எடுத்தார் என அறிய முடியாமையால் சில இடையூறுகளும் இருந்தன என்பர் நூலகர். இருந்தும், அம்முறையால் எந்த நூலகமும் மூடப்படவில்லை.

தேடுபொறிகள் இவ்வளவு விரைவில் மறக்க உடன்படவில்லை. கூகுள் நிறுவனம் 2007 வரை தன் பதிவுகளுக்குக் கால எல்லையே வைத்திருக்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சில், 18 முதல் 24 திங்கள் கழிந்தபின் ஆளைக் காட்டும் குறிப்புகளை மறைப்பதாக அறிவித்தது. 2008 ஏப்ரலில் ஐரோப்பியத் தரவுக்காப்பு அதிகாரிகளின் குழு, ஆறு திங்களுக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை என்று கருத்துரைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கூகுள் ஐ.பி. முகவரியளவில் எல்லையை 9 திங்களாகக் குறைத்தது. டிசம்பரில் யாகூ நிறுவனம் 90 நாள் என்று கூறிப் பாராட்டுப் பெற்றது. 2011 இல் அதே நிறுவனம் மீண்டும் 18 திங்களுக்கு மாறிவிட்டது. நிறுவனம் தானே மனமுவந்து தரும் மறதியைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கூடும் என்பதற்கு இது சான்று. 2020 ஜூன் முதல், புதிதாகக் கூகுள் கணக்குத் தொடங்குவோரின் தேடல் வரலாறு 18 திங்களில் தானே அழியுமாறு அமைக்கப்பட்டது. பழைய கணக்குடையோர் அமைப்புப் பக்கத்திற் சென்று தாமே அதனைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மறைநிலை என்னும் சாளரத்தைத் திறந்து தேடினால் எவரும் அறியார் என்று பலர் நம்புகின்றனர். தம் கருவியில் வரலாறு தங்காது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் எழுதிக்கொள்வதை அது தடுப்பதில்லை. இது பற்றி அமெரிக்காவில் 2020 இல் தொடுக்கப்பட்ட வழக்கொன்றின் முடிவாக, அவ்வாறு திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024 இல் உடன்பட்டது. ஒரு வீட்டின் கதவை மூடச் சொல்லித் தந்தவரே சுவரில் துளையையும் வைத்திருந்தால், கதவைக் குறை கூறிப் பயனென்ன?

இந்தியாவில் 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மர், தனிமறைவு என்பது அரசியலமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது. 2023 இல் எண்முறைத் தனிநபர் தரவுக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் விலக்குகின்றது. எந்த நோக்கத்திற்காகத் தரவு பெறப்பட்டதோ அது முடிந்தபின் தரவை அழித்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. நூலகத்துச் சீட்டின் கொள்கையை இங்கே சட்டமொழியிற் காணலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. வேண்டுமாயின் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளவும் அச்சட்டத்தில் இடமிருக்கின்றது. இஃது அதன் பெருங்குறை. ஒரு வினாவின் நோக்கம் எப்பொழுது முடிகின்றது? விடை வந்த அக்கணத்திலேயே முடிந்தது என்று வினவியவர் சொல்வார். அடுத்த விடையைத் திருத்தவும் விளம்பரக் கணக்கை முடிக்கவும் அது இன்னும் வேண்டும் என்று நிறுவனத்தார் சொல்வர். இவ்விரு கூற்றுக்கும் நடுவே நாளைக் குறிக்கும் பொறுப்பு, தரவுக்காப்பு வாரியத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் உரியதாக நிற்கின்றது.